குளியலறைக்குச் சீட்டு குலுக்கிய என் மகள்

முதல்வர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. என் மடியில் தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஈரச் சாக்கு போட்டு, கால் கட்டிய பச்சை நண்டுகள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். அவை உள்ளேயிருந்து பெட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

"அது என்ன சத்தம்?" என்று முதல்வர் கேட்டார்.

"உங்களுக்குத்தான் சார்" என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "உங்க பொண்ணு எங்க லேடீஸ் ஹாஸ்டல்ல சூதாட்டம் நடத்துறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அந்த நேரம் பார்த்து நண்டுகள் சுரண்டுவதை நிறுத்தின. நான் சொல்வது சத்தியம்.

என் பக்கத்தில் அமுலு நின்றுகொண்டிருந்தாள். கல்லூரியில் அவள் பெயர் அமுதவல்லி, எனக்கு அமுலு. எலக்ட்ரிகல் இஞ்சினீயரிங் கடைசி வருஷம். கொரோனாவெல்லாம் ஓய்ந்து கல்லூரிகள் ஒழுங்காக நடக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் ஜரிகைக் கரை வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

பேனர் வைத்த கதை

அதற்கு முந்தைய வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. "அமுதவல்லியோட அப்பாங்களா? திங்கக்கெழம பிரின்சிபாலைப் பார்க்க வரணும். கண்டிப்பா வரணும்" என்றது ஒரு பெண் குரல். எதற்கு என்று நான் கேட்கவில்லை. என்னைக் கூப்பிடுகிறவர்கள் எதற்குக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் ரிப்பன் வெட்ட.

என் மனைவி கன்னியம்மா கேட்டாள்: "இன்னாத்துக்குனு கேட்டியா?"

"ஏரிக்கரையிலேர்ந்து இஞ்சினீருக்குப் படிக்கப் போன மொத பொண்ணு நம்ம பொண்ணு. வேற இன்னாத்துக்குக் கூப்புடுவான்? சால்வ போடத்தான்."

"சால்வ போடறவன் 'கண்டிப்பா வரணும்'னு ஏன் சொல்றான்?"

"வராம போயிட்டா சால்வ வேஸ்ட்டாப் பூடும்ல?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னோடு பேசி ஜெயிக்க முடியாது என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே படகுத்துறையில் பேனர் வைத்துவிட்டேன். 'எங்கள் மண்ணின் மகளைக் கௌரவிக்கும் பொறியியல் கல்லூரிக்கு நன்றி' என்று எழுதச் சொன்னேன். என் படம் பெரியதாகவும் அமுலு படம் ஓரத்தில் சிறியதாகவும் வந்துவிட்டது. அது என் தப்பில்லை. அவள் படம் என்னிடம் ஆதார் கார்டில் இருந்ததுதான். அதைப் பெரிது பண்ணினால் பேயடித்த மாதிரி தெரிகிறது என்று பேனர்க்காரன் சொல்லிவிட்டான்.

மாலை போட்டால் சட்டை கசங்கும் என்று ஒரு மாற்றுச் சட்டை எடுத்துக்கொண்டேன். பதிலுக்குப் போட ஒரு சால்வை. அப்புறம் இந்த நண்டு. இத்தனையோடும்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இஞ்சினீயரிங் படிப்பு

இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். வாத்தியார்தான் என்னை நிறுத்தினார் என்று சிலர் சொல்வார்கள்; அவர்களைப் பற்றி முன்னாலேயே ஓர் அத்தியாயம் எழுதிவிட்டேன். ஒரு ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கும் வேலையில் தொடங்கி இன்றைக்கு மூன்று ஃபைபர் படகும் ஒரு ஐஸ் கம்பெனியும் வைத்திருக்கிறேன். யாரும் கைதூக்கி விடவில்லை. பழவேற்காட்டில் இறங்கி என் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரன் வழி கேட்க மாட்டான்.

அப்படிப்பட்ட எனக்கு இஞ்சினீயரிங் என்றால் என்ன என்று அமுலு சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதில் பெரும்பகுதி ரெக்கார்டு நோட்டு எழுதுவது. பல்பு எரிகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் ஆகிறது. எரிந்தது என்று எழுத ஒரு வாரம் ஆகிறது. எழுதியதை ஒருவர் திருத்துவார், திருத்தியதை மறுபடி எழுதுவார்கள். அதற்குள் பல்பு ஃபியூஸ் ஆகிவிடும்.

முதல் வருஷம் ஒரு நாள் போன் பண்ணினாள். "நைனா, மேத்ஸ்ல அரியர் வந்துச்சு."

"யாருகிட்ட பேசணும்னு சொல்லு. நான் பேசறேன்."

"பேசறதுக்கு ஆளெல்லாம் இல்ல நைனா. நான்தான் திரும்ப எழுதணும்."

பேசித் தீர்க்க முடியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

சாப்பாடு இன்னொரு கஷ்டம். மெஸ் சாம்பாரில் மூழ்கினாலும் காய் கிடைக்காது என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளுடைய அறைத்தோழி ஜெயந்தி லீவுக்கு வந்திருந்தாள். திருப்பாலைவனத்தில் நெல் போடுகிற குடும்பத்துப் பெண்; வாய் கொஞ்சம் அதிகம். அவளிடம் ஒரு மூட்டை கருவாடு கொடுத்தனுப்பினேன். மூன்றாம் மாடியில் எலி செத்துக் கிடக்கிறது என்று ஆள் வைத்து இரண்டு நாள் தேடினார்களாம். தேடச் சொன்னவர் வார்டன் புஷ்பலதா மேடம். அந்த மேடத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஏரியில் எடுக்கும் சீட்டு

எங்கள் ஏரி பார்க்க ஒரே தண்ணீர். ஆனால் எல்லா இடமும் ஒன்றில்லை. கடல் தண்ணீர் உள்ளே வருகிற முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டினால் இறால் குவியும். வேறு சில இடத்தில் கட்டினால் சேறும் பாசியும்தான். ஆளாளுக்கு முகத்துவாரத்துக்குப் போனால் மண்டை உடையும். அதனால் ஊர் உட்கார்ந்து சீட்டு குலுக்கும். யாருக்கு எந்த இடம் விழுகிறதோ அங்கேதான் அன்றைக்கு வலை. மறுநாள் இடம் மாறும். இதற்குப் பாடு என்று பெயர்.

பாடு முறையில் பெரியவன் சின்னவன் கிடையாது. எனக்கு மூன்று படகு இருந்தாலும் சீட்டு ஒன்றுதான். குலுக்கும்போது நடுவில் பேசக்கூடாது. பேசினால் தெண்டம். நான் எத்தனையோ பேருக்குத் தெண்டம் போட வைத்திருக்கிறேன். நான் ஒரு தடவைகூடக் கட்டியதில்லை. நடுவில் பேசாதவன் என்பதால் இல்லை. எனக்குத் தெண்டம் போட யாருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அமுலு சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் தோளில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பாள். "நைனா, இந்த வாட்டி நான் எடுக்கட்டா?"

"பொம்பளைங்களுக்குச் சீட்டு கெடையாது."

"யாரு சொன்னது?"

"சட்டம்."

அதோடு மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் மாடி

ஹாஸ்டலில் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். மூன்றாம் மாடியில் நிறையப் பெண்கள், கொஞ்சம் குளியலறைகள். ஒன்றில் குழாய் கொட்டும். ஒன்றில் சளி பிடித்த ஆட்டு மூக்கு மாதிரி சொட்டும். ஒன்றில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பாட்டு பாடிக்கொண்டே குளிக்க வேண்டும், பாட்டு நின்றால் யாராவது திறந்துவிடுவார்கள். கடைசியில் ஒன்றில் ஹீட்டர் உண்டு. அதன் சாவி அதே மாடியில் குடியிருந்த வார்டன் மேடத்திடம்.

விடிவதற்கு முன்பே பக்கெட்டுகள் வரிசை கட்டும். ஒருத்தி பக்கெட்டை இன்னொருத்தி நகர்த்துவாள். பிறகு சண்டை. ஆந்திரா பெண் தெலுங்கில் திட்ட, கேரளா பெண் மலையாளத்தில் திட்ட, ஜெயந்தி இரண்டுக்கும் சேர்த்துத் தமிழில் பதில் சொல்வாள். முதல் பீரியடுக்குப் பாதிப் பேர் போக மாட்டார்கள். போகாவிட்டால் வருகைப் பதிவு குறையும். குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. குளிக்க இடமில்லாமல் இஞ்சினீயர் ஆகாமல் போனவர்கள் நாட்டில் எத்தனை பேரோ!

அமுலு ஒரு பெரிய பவுடர் டப்பாவை எடுத்து அதன் வாயை அகலமாக வெட்டினாள். சீட்டு எழுதிப் போட்டாள். குழாய் கொட்டும் அறைக்கு முகத்துவாரம் என்று பெயர் வைத்தாள். சொட்டுகிற அறைக்குச் சேறு. தினமும் சாப்பிட்ட கையோடு குலுக்கல். யாருக்கு எந்த அறை, முன்னால் யார், பின்னால் யார் என்று எல்லாம் சீட்டுப்படி. குலுக்கும்போது நடுவில் பேசினால் ஃபைன். மோட்டார் கோளாறாகும் நாளில் கீழே தொட்டியிலிருந்து மேலே தண்ணீர் சுமக்க வேண்டும், அதுதான் ஃபைன்.

ஒரு மாதத்தில் சண்டை நின்றது. அதற்குப் பிறகு பாடு மற்ற இடங்களுக்கும் பரவியது. முதல் தோசை கருகும் என்பதால் மெஸ்ஸில் தோசைக்குச் சீட்டு. லேப்டாப் சார்ஜ் போடும் பிளக்குக்குச் சீட்டு. வைவாவுக்கு யார் முதலில் உள்ளே போவது என்பதற்கும் சீட்டு. வைவா என்றால் வாத்தியார் எதிரில் உட்கார வைத்து, தெரியாததை மட்டும் பொறுக்கிக் கேட்பது. பையன்கள் ஹாஸ்டலிலிருந்து தூது வந்து விதிமுறைகளைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பெண்கள் இதற்கு ஒரு ஆப் செய்து தருகிறோம் என்றார்களாம். அமுலு ஒத்துக்கொள்ளவில்லை. "கைய உள்ள வுட்டு எடுக்கணும். அப்பதான் சேறு வந்தாலும் ஒங்க கையத் திட்டிக்கினு போவீங்க. போனு எடுத்துக் குடுத்தா என்னையத் திட்டுவீங்க" என்றாளாம். இது என் மூளை. அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

நான் பேசினேன்

இப்போது முதல்வர் அறைக்கு வருவோம்.

முதல்வர், வார்டன் மேடம், அமுலு, சாட்சிக்கு ஜெயந்தி, நான், நண்டு. மேடம் மேஜைமேல் அந்தப் பவுடர் டப்பாவை வைத்தார், கொலைக்கத்தியை வைக்கிற மாதிரி.

"தினமும் சீட்டுக் குலுக்குறாங்க சார். ஃபைன் போடுறாங்க. ஹாஸ்டலை யார் நடத்துறதுன்னே தெரியலை."

"ஹாஸ்டலை விட்டு அனுப்பிடலாம்னு நினைக்கிறோம்" என்றார் முதல்வர் என்னிடம். "வீட்லேர்ந்து வந்து படிக்கட்டும்."

அமுலுவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து சென்னைக்கு ரயில், பிறகு இன்னொரு ரயில், கடைசியில் காலேஜ் பஸ். கோழி கூவக் கிளம்பினாலும் மூன்றாவது பீரியடுக்குத்தான் வந்து சேருவாள். ஏற்கெனவே வருகைப் பதிவு விளிம்பில் இருந்தது. கடைசி வருஷப் பரீட்சை போய்விடும்.

நான் இருக்கும்போது அப்படி நடக்குமா? எழுந்தேன்.

"சார், இது சூதாட்டம் இல்ல. சட்டம். எங்க ஏரிச் சட்டம்."

"நைனா, கம்முனு இரு" என்றாள் அமுலு மெதுவாக.

"நீ இரும்மா. சார், எங்க ஊர்ல இத்தை ஒர்த்தன் மீறினா இன்னா ஆவும் தெரியுமா? வலைய அறுத்துப்புடுவோம்! தண்ணி, நெருப்பு குடுக்க மாட்டோம்! ஒரு பய அவன்கூடப் பேச மாட்டான்!"

"நைனா..."

"அதான் சார்! அதேதான்!" என்று மேடம் துள்ளினார். "நாலு நாளா ஒருத்தியும் என்கிட்ட பேசலை!"

"நாங்க எப்பவுமே ஒங்ககிட்ட பேச மாட்டோமே மேடம்" என்றாள் ஜெயந்தி.

முதல்வர் பேனாவை எடுத்தார். "அப்போ இது ஊர்க்கட்டுப்பாடு. சூதாட்டத்தைவிட மோசம்" என்று சொல்லி ஏதோ எழுத ஆரம்பித்தார். நான் பேசியது போதவில்லை என்று புரிந்தது. பெட்டியைத் தட்டிக்கொண்டு இன்னும் பலமாக ஆரம்பித்தேன்: "சார், இதெல்லாம் அவளுக்குக் கத்துக் குடுத்ததே நான்தான்! எங்க கரையில..."

"நைனா, ஃபைன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"இன்னாது?"

"நடுவுல பேசாதன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். ஒனக்கு ஃபைன். ஒரு பக்கெட்டு."

"எனக்கா?"

"ஒரு பக்கெட்டா?" என்று ஜெயந்தி குறுக்கே வந்தாள். "இன்னாடி அநியாயம்! மேடமுக்கு மட்டும் ரெண்டு போட்ட? ஒங்க நைனான்னா ஒரு பக்கெட்டா?"

முதல்வரின் பேனா நின்றது. "எந்த மேடமுக்கு?"

எல்லோரும் வார்டன் மேடத்தைப் பார்த்தார்கள்.

"மேடம், நீங்களும் சீட்டு எடுத்தீங்களா?"

"இல்ல சார்... எல்லாப் பொண்ணுங்களும் ஒரே நேரத்துல குழாயைத் தொறந்தா என் ஹீட்டர் ரூமுக்குத் தண்ணி ஏறாது சார். இவங்க சீட்டு ஆரம்பிச்சப்புறம் ஒழுங்கா ஏறிச்சு. ஹீட்டர் ரூமையும் சீட்டுல சேர்த்தா நீங்களும் எடுக்கலாம்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. சரி, டிசிப்ளினா இருக்கேன்னு..."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா சார்."

"அப்போ சூதாட்டம் இல்லையா?"

"அப்போ எனக்கு நல்ல ரூமா வந்துச்சு சார்."

"இப்போ என்ன வந்துச்சு?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். "தாழ்ப்பா இல்லாதது சார்."

"திரும்பக் குலுக்குனு கத்துனாங்க சார். அதுக்குத்தான் ரெண்டு பக்கெட்டு" என்றாள் ஜெயந்தி.

முதல்வர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அமுலுவிடம் கேட்டார்: "உங்க அப்பாவுக்கே போட்டுட்டியே. கட்டுவாரா?"

"அப்பான்னு வுட்டா நாளைக்கு யாருக்கும் போட முடியாது சார். அவருக்கும் ரெண்டு பக்கெட்டு."

"சரி. ரெண்டு பேரும் கட்டுங்க. பெரியவங்களும் கட்டுற சட்டம்னா அது ஹாஸ்டல்ல இருக்கலாம். கட்டலைன்னா டப்பாவும் வெளியே, அமுதவல்லியும் வெளியே."

அமுலு இப்போது என்னைப் பார்த்தாள். பேனரில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் எனக்கு ஞாபகம் வந்தது. படகுத்துறையில் எனக்குத் தெண்டம் போட நாக்கு எழாமல் போனவர்கள் எல்லோரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டினேன்.

இரண்டு பக்கெட்டு

சாப்பாட்டு மணி அடித்த நேரம். கல்லூரி மொத்தமும் வெளியில் நின்றது. தொட்டியில் முக்கி, கைக்கொன்றாக இரண்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்தேன். பையன்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அந்த வயசில் அந்த வெயிலில் வேறு யாராக இருந்தாலும் பாதித் தண்ணீரைச் சிந்தியிருப்பார்கள். நான் ஒரு சொட்டு சிந்தவில்லை. இதைப் படம் எடுத்த பையன்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பெண்கள் ஹாஸ்டலுக்குள் ஆண்கள் போகக்கூடாது. அதனால் படிக்கட்டு வரைக்கும் நான், அதற்கு மேல் மேடம் என்று ஏற்பாடு. மேடம் புடவையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றார்.

"எந்த ரூமுக்கு?" என்று கேட்டேன்.

அமுலு டப்பாவை நீட்டினாள். "நீயே எடு நைனா."

கையை உள்ளே விட்டேன். பவுடர் வாசனை. கையெல்லாம் வெள்ளை. எத்தனையோ வருஷமாகச் சீட்டு எடுத்தவன் நான்; அன்றைக்கு ஒரு சீட்டைப் பிடித்து, விட்டு, வேறொன்றை எடுத்தேன். பக்கெட் தூக்கிய களைப்பு. பிரித்துப் படித்தேன்.

தாழ்ப்பாள் இல்லாதது.

மேடம் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "மூணாவது மாடி, அந்தக் கோடி! திரும்பக் குலுக்கு" என்று ஆரம்பித்தவர், ஜெயந்தி வாயைத் திறப்பதைப் பார்த்ததும் எழுந்து பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

அமுலு தொடர்ந்து ஹாஸ்டலிலேயே இருந்தாள். பரீட்சை எழுதினாள். அந்த மேத்ஸ் அரியரையும் சேர்த்துத் தாண்டினாள். முதல்வர் சைவம் என்பதால் நண்டுக்கும் சீட்டு போட்டார்கள். லேப் அசிஸ்டென்ட் ஒருவருக்கு விழுந்ததாம். சால்வையை நான் மேடத்துக்குப் போட்டுவிட்டு வந்தேன். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவது என் வழக்கமில்லை.

நான் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே அந்த வீடியோ வந்து சேர்ந்திருந்தது. என் பேனருக்குக் கீழேயே நின்று கூட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா சால்வ போட்டாங்களா?" என்றாள் கன்னியம்மா. "மொத்த காலேஜும் என்னத்தான் பார்த்துச்சு" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்த பாடு குலுக்கல் வந்தது. வழக்கம்போல ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குலுக்குகிறவன் பானையைச் சரியாக ஆட்டவில்லை என்று பட்டது. அவனுக்கு எப்படி ஆட்டுவது என்று சொல்ல ஆரம்பித்தேன். யாரும் வாய் திறக்கவில்லை.

பின்னாலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது.

"ரெண்டு கொடம்."

பெண்கள் பாடு குலுக்கலில் பேசக்கூடாது என்று எடுத்துச் சொல்லத் திரும்பினேன். அவள் இரண்டு காலிக் குடத்தையும் ஏற்கெனவே கீழே வைத்திருந்தாள். குடிதண்ணீர்க் குழாய் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது.

அதையும் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்தேன்.